கிர்கிஸ்தானில் நான் வண்டி ஓட்டிய கதை

ஐம்பத்து நான்காவது பிறந்தநாளன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். மலை நிறைந்த ஒரு தேசத்துக்குப் போக வேண்டும். சாலையே இல்லாத இடத்தில் ஜீப் ஓட்ட வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தேன். எதிரே ஒரு சாகச வீரர் தெரிந்தார். நல்லவேளை, அந்தக் கண்ணாடியில் வயிறு தெரியாது.

நான் அமிர்தராஜ். திருச்சி மேலப்புதூரில் வீடு. ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. முப்பது வருஷத்தில் ஃபைலைத் தவிர வேறெதையும் தள்ளியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் யூடியூப். எவனோ ஒருவன் ஆற்றுக்குள் ஜீப்பை இறக்கி அக்கரையில் ஏற்றுவான். இங்கே சோபாவில் உட்கார்ந்தபடி நான் கியர் மாற்றுவேன்.

அடுப்படிக்குப் போய் மனைவியிடம் அறிவித்தேன். ரோசரி, பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். எதையும் ஒருதடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். மற்றவர்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள்.

"ரோசரி, நான் ஆஃப்ரோடு ஓட்டப் போறேன்."

"அப்படின்னா?"

"ரோடே இல்லாத இடத்துல வண்டி ஓட்டறது."

"அதுக்கு எதுக்குங்க போகணும்? நம்ம தெருவுலயே ஓட்டலாமே."

பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டி, மூடி, மூடியதை மறந்துபோய் மறுபடி தோண்டியிருந்தார்கள்.

"கிண்டல் பண்ணாத. நான் சொல்றது கிர்கிஸ்தான்."

"பேரைக் கேட்டாலே கிறுகிறுன்னு வருது. அங்க என்ன இருக்கு?"

"மலை."

"அப்புறம்?"

"அதுக்குப் பின்னாடி இன்னொரு மலை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்து ஏறணும்."

"நம்ம காருக்கு மட்டும் மூணு வீலா?"

"அது வேற, இது வேற. பொழுது சாஞ்சா கேம்ப்."

"கண் ஆபரேஷனா?"

"கூடாரம்! வண்டி மேலயே கூடாரம் இருக்கும். ஏணி வச்சு ஏறிப் படுத்துக்கணும்."

அவள் அடுப்பைச் சிம்மில் வைத்தாள். திரும்பினாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நல்லாத்தாங்க இருக்கு. எப்ப போறோம்?"

நான் சொன்னது 'போறேன்'. அவள் கேட்டது 'போறோம்'. வித்தியாசம் ரெண்டே எழுத்து. அந்த ரெண்டு எழுத்தில் என் சாகசம் குடும்பச் சுற்றுலாவாக மாறிவிட்டது.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் தேசிகனிடம் புலம்பினேன். தேசிகன் என் பக்கத்து சீட்டுக்காரர். ஸ்ரீரங்கம் உத்திர வீதிவாசி. கிர்கிஸ்தான் யோசனையில் பாதி அவருடையது. வண்டியில் என் பக்கத்து சீட்டும் அவருக்குத்தான் என்று பேசி வைத்திருந்தோம்.

"ஓய் அமிர்தம், நம்மாத்துல கவலையே இல்லை" என்றார் அவர். "பூமா வெளியில போனா பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டா. கூடாரம்னாலே ஓடிடுவா. உம்ம ஆத்துலதான் சிக்கல்."

"சிக்கல்னா, ரோசரி வர்றதுல எனக்கு வருத்தம் கிடையாது தேசிகன்..."

"புரியறது ஓய். வீரம் காட்டற இடத்துல சாட்சி இருக்கப்படாது."

சரியாகச் சொன்னார். நான் ஓட்டும்போது பக்கத்தில் ரோசரி இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எதையும் ஒருதடவை மட்டுமே சொல்கிறவள், காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே 'பார்த்து, பார்த்து' என்று பத்துத் தடவை சொல்வாள். மலை உச்சியில் யாராவது 'பார்த்து' என்றால் நான் பார்த்துவிடுவேன். கீழே.

திட்டம் போட்டோம். வராதே என்று நாம் சொல்லக் கூடாது. வரமாட்டேன் என்று அவளே சொல்ல வேண்டும். பயமுறுத்துவது என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டேன்.

"ரோசரி, விசாரிச்சேன். அங்க பாத்ரூமே கிடையாதாம்."

"வேளாங்கண்ணிக்கு நடந்து போனேனே, வழியெல்லாம் பாத்ரூம் கட்டி வச்சிருந்தாங்களா?"

"ஜூலை மாசத்துலயே பனி கொட்டுமாம்."

"திருச்சி வெயிலுக்கு நல்லதுதானே."

"ஓநாய் இருக்காம். கூட்டமா வருமாம்."

"நீங்க ஃபோர்த் பி செக்‌ஷனைப் பார்த்ததில்ல."

"குடிக்கிறதுக்குக் குதிரைப் பால்தான் கிடைக்குமாம். புளிச்சது!"

"கல்யாணமான புதுசுல உங்க அம்மா போட்ட காப்பியைக் குடிச்சவ நான்."

வெங்காயம் உரித்தது அவள். கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. கையில் இருந்த ஆயுதமெல்லாம் தீர்ந்துபோய், அந்த இடத்திலேயே ஒரு பொய்யை உற்பத்தி செய்தேன்.

"இன்னொண்ணு. வண்டி குடுக்கிற கம்பெனியில ஒரு ரூல் இருக்கு. டிரைவிங் தெரிஞ்சவங்க மட்டும்தான் வண்டியில ஏறணுமாம். மலைப் பாதையில டிரைவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அடுத்தவங்க ஓட்டணும் இல்ல? டிரைவிங் தெரியாதவங்களுக்கு அனுமதி கிடையாது."

கத்தி நின்றது. 

"அப்படியா? ரூல்னா ரூல்தானே."

வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மாடிக்கு ஓடித் தேசிகனுக்குப் போன் போட்டேன். அவரும் அதே பொய்யைப் பூமாவிடம் சொன்னார். பூமா 'சரி' என்று விளக்கேற்றப் போய்விட்டாளாம். வெற்றி!

ஆனால் ராச்சாப்பாட்டின்போது ரோசரி மீன் குழம்பை ஊற்றிவிட்டு, எனக்குப் பிடித்த தலைத்துண்டைத் தேடிப் போட்டாள்.  எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது. முள் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் அது சரியாகிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது ரோசரி ஒரு சின்னப் புத்தகத்தை நீட்டினாள்.

"என்ன இது?"

"இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டுங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுத்தாங்க."

"யாருக்கு?"

"போட்டோவைப் பாருங்க."

போட்டோவில் ரோசரி சிரித்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாக அரசாங்க போட்டோவில் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

"உனக்கு ஏது லைசென்ஸ்?"

"என்னங்க, உங்களுக்குத் தெரியாதா? பீரோவுலதானே இருக்கு."

தெரியும். அட்ரஸ் ப்ரூஃபுக்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"எங்கப்பா பச்சைமலையில மிஷன் ஜீப் ஓட்டினார்னு தெரியும்ல?"

அதுவும் தெரியும். மாமனார் ஓட்டினார் என்பது தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் தெரியாது. மழையில் வழுக்கும் மண் பாதையில், மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் காய்ச்சல்காரர்களுமாக அந்த ஜீப்பை அவள் மேலும் கீழும் ஓட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க ஒருநாளாவது கார் சாவியைக் கையில குடுத்திருந்தா சொல்லியிருப்பேங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"சரி, நீ வரலாம். ஆனா பூமா? பாவம், அவங்களுக்கு டிரைவிங்..."

"அந்தக் கவலை உங்களுக்கு வேணாம். கம்பெனிக்காரங்களுக்கே எழுதிக் கேட்டுட்டேன். அப்படி ஒரு ரூலே கிடையாதாம். 'உங்கள் கணவர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார்'னு எழுதியிருந்தாங்க. நல்ல மனுஷங்க, உங்களை ஒரு வார்த்தை தப்பாப் பேசல. வண்டியை என் பேர்லயே புக் பண்ணிட்டேன்."

ஆபீசில் தேசிகன் எனக்கு முன்னாலேயே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"ஓய், பூமா ஸ்வெட்டர் வாங்கிண்டு வந்து நிக்கறா!"

"ஆசாரம் என்ன ஆச்சு?"

"மலையும் பெருமாள் படைச்சதுதானே, அங்க என்ன அனாசாரம்ங்கறா. புளிக்காய்ச்சல் கிளறி ஆறப் போட்டாச்சு."

ஜூலையில் நான்கு பேரும் கிளம்பினோம். டெல்லி போய், அங்கிருந்து பிஷ்கெக். வண்டி கொடுக்கும் இடத்தில் அஸமத் என்று ஒரு வாட்டசாட்டமான ஆள் எங்களை வரவேற்றான். அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ். நமக்கும் கொஞ்சம். இரண்டும் சந்திக்கும்போது கையை ஆட்டிச் சமாளித்தோம். வண்டி யானைக் குட்டி மாதிரி நின்றது. தலையில் அம்பாரி மாதிரி மடித்து வைத்த கூடாரம்.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவர்கள் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டுமாம். இது நிஜமான ரூல்.

"நான் முதல்ல" என்றேன். கம்பீரமாகக் கதவைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்தேன். சீட் பெல்ட் போட்டேன். கையை நீட்டினேன். ஸ்டியரிங் இல்லை.

"அந்தப் பக்கம்ங்க" என்றாள் ரோசரி மெதுவாக. அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம்.

இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து ஏறினேன். இண்டிகேட்டர் போட்டேன். வைப்பர் ஆடியது. வைப்பரை நிறுத்தினேன். ஹார்ன் அடித்தது. முன்னால் போவதற்காக ஒரு கியர் போட்டேன். பின்னால் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் ஒவ்வொன்றாக உருண்டு ஓடின. அஸமத் ஓடிப்போய் அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்து ரோசரி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அங்கே பயிற்சிக்காகக் கட்டியிருந்த மண்மேட்டில் ஏறினாள், நின்றாள், உருளாமல் இறங்கினாள், எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். அஸமத் கை தட்டினான். பிறகு தீர்ப்பைச் சொன்னான்.

"மேடம், ஸ்டியரிங். சார், கேமரா."

அப்படித்தான் நானும் தேசிகனும் பின் சீட்டில் உட்கார்ந்து மலையேறினோம். முன் சீட்டில் பூமா போனில் மேப்பைப் பார்த்து வழி சொன்னாள். "ரோசரி, கொஞ்சம் மேல போனா வலப்பக்கம் ஒரு திருப்பம். அவசரமே இல்லை. நிதானமா வரட்டும்." திருப்பம் என்றால் சாதாரணத் திருப்பமில்லை. கீழே பார்த்தால், நாம் வந்த பாதையே நமக்குக் கீழே சேமியா மாதிரி கிடக்கும். ரோசரி சொன்ன கிறுகிறுப்பு எனக்கு வந்தது. தேசிகன் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் எதையோ சேவித்துக்கொண்டிருந்தார்.

"பயமா தேசிகன்?"

"பயமெல்லாம் இல்லை ஓய். பெருமாளைத் தனியாச் சேவிக்கறேன்."

"கண்ணைத் திறங்க, காட்சி நல்லா இருக்கு."

"இப்ப வேண்டாம். நீர் போட்டோ எடுத்து வையும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கறேன்."

ஏறி முடித்ததும் ஏரி வந்தது. அந்த இடத்தைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புல்வெளி வானம் வரை போகிறது. நடுவில் நீலமாகத் தண்ணீர். குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாதவை மாதிரி மேய்கின்றன. ரோசரி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். காற்றில் முந்தானையைப் பிடிக்க வேண்டிய வேலை இல்லை, சுடிதார் போட்டிருந்தாள். கை இரண்டையும் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கைகள் வேலை எதுவும் இல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன யோசிக்கிற?"

"ஒண்ணும் யோசிக்கலைங்க. அதான் நல்லா இருக்கு."

இவளையா வர விடாமல் பண்ணப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் தேசிகனின் குரல் பலமாகக் கேட்டது. பக்கத்துக் கூடாரத்தில் ஆடு மாடு மேய்க்கும் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் வெள்ளையாக எதையோ கிண்ணத்தில் கொடுக்க, மோர் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறார். அது புளிக்க வைத்த குதிரைப் பால். கொஞ்சம் போதையும் உண்டு. மனுஷர் குதிரை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தனக்கு வராமல்போன பிரமோஷனைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை அனுதாபத்தோடு கேட்டது.

"மோரோட நிறுத்தியிருக்கலாமோன்னோ" என்று பூமா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

இப்படியே நாட்கள் போயின. ரோசரி ஆறுகளைக் கடந்தாள். நான் வீடியோ எடுத்தேன். எடுத்த வீடியோவை ஆபீஸ் குரூப்பில் போட முடியவில்லை. எதில் பார்த்தாலும் ஸ்டியரிங்கில் அவள்தான். நான் ஓட்டுகிற மாதிரி ஒரே ஒரு வீடியோ இல்லாமல் எந்த முகத்தோடு திருச்சிக்குத் திரும்புவது?

கடைசி முகாம் ஒரு பள்ளத்தாக்கில். மலையிலிருந்து இறங்கி, ஆற்றோரப் புல்வெளியில் தங்கினோம். காலையில் பெண்கள் இருவரும் பக்கத்துக் குடும்பத்தோடு ரொட்டி சுடப் போனார்கள். ரோசரியின் ஜாக்கெட் நாற்காலியில் தொங்கியது. பையில் சாவி.

"தேசிகன், கேமரா!"

"ஓய், வேண்டாம். கேட்டுண்டு..."

"ஒரே ரவுண்டு. புல்வெளிதானே. முட்டுறதுக்கு மரம்கூட இல்ல."

கிளப்பினேன். என்ன சுகம்! யானைக் குட்டி என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தது. ஜன்னலில் முழங்கையை வைத்தேன். கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். எதிரே மற்ற இடத்தைவிடப் பச்சையாக, பளபளவென்று ஒரு புல்திட்டு. வீடியோவில் எடுப்பாக இருக்கும் என்று அதற்குள் விட்டேன்.

அது புல் இல்லை. புல் முளைத்த சேறு.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன்.

"ஓய்!" என்று தேசிகன் கத்தினார். "வண்டி குட்டையாயிண்டே வரதே!"

இறங்கினேன். முழங்கால் வரை போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை, அந்த வீட்டுக் குழந்தைகளும் நான்கைந்து குதிரைகளும் வரிசையாக நின்று பார்த்தன. அந்த வரிசையை விலக்கிக்கொண்டு ரோசரி வந்தாள். கையில் பாதி ரொட்டி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அடி ஏதும் பட்டுச்சாங்க?"

"இல்ல."

"அப்ப இந்த ரொட்டியைப் பிடிங்க."

செருப்பைக் கழற்றினாள். குழந்தைகளைக் கையைக் காட்டி வேலை வாங்கி, ஆற்றங்கரையிலிருந்து தட்டைக் கல்லாகப் பொறுக்கிக்கொண்டுவரச் செய்தாள். நாலாம் வகுப்பு டீச்சரின் கைக்கு எந்த மொழியும் தேவையில்லை. கல்லைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். ஏறி உட்கார்ந்து, கியரை இறக்கி, அவசரப்படாமல், கெஞ்சுகிற மாதிரி வண்டியைப் பின்னால் எடுத்தாள். சேறு 'ப்ளக்' என்று விட்டுக்கொடுத்தது.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் ரொட்டியோடு நின்றேன். அவள் என் பக்கத்தில் வந்து, துப்பட்டா நுனியால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"ஓட்டணும்னு அவ்வளவு ஆசையாங்க?"

தலையை ஆட்டினேன். 

"கேட்டிருக்கலாம்ல? சரி, இன்னிக்கு மீதி வழி பூரா நீங்களே ஓட்டுங்க."

"நிஜமாவா?"

"நிஜமாங்க. ஆனா எனக்கும் ஒரு ஆசை இருக்கு. ஊருக்குப் போனதும் நம்ம கார் சாவி என்கிட்ட இருக்கட்டும். ஸ்கூலுக்கு, கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, எல்லாத்துக்கும் நான்தான் ஓட்டுவேன். உங்களுக்கு வேணும்னா என்கிட்ட கேட்டு வாங்கிக்கணும். பக்கத்துல உட்காரும்போது பிரேக் பிடிக்கிற மாதிரி காலை அமுக்கக் கூடாது."

எதிரே மலை. கையில் மலைப்பாதை. மேலப்புதூர்க் காரெல்லாம் ஒரு பொருட்டா?

"சரி."

"சத்தியமா?"

"பூண்டி மாதா மேல சத்தியம்."

"நான் சாட்சி" என்றாள் பூமா. தேசிகன் அதையும் வீடியோ எடுத்தார்.

சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். ஏறினேன், சரியான பக்கம். ரோசரி பக்கத்து சீட்டில். ஒரு 'பார்த்து'கூட இல்லை! புல்வெளியைத் தாண்டினேன். முழங்கால் அளவு ஓடை ஒன்று குறுக்கே வந்தது. இறக்கினேன், ஏற்றினேன். பின்னால் தேசிகன் "பேஷ்!" என்றார், கண்ணைத் திறந்துகொண்டே. எதிரே ஒரு மேடு. இதற்கு அந்தப் பக்கம் எப்படிப்பட்ட பாதாளமோ, எப்படிப்பட்ட வளைவோ! பல்லைக் கடித்துக்கொண்டு உச்சியில் ஏறினேன்.

ஏறி, பிரேக் போட்டேன்.

கீழே கறுப்பாக, வழவழவென்று, நடுவில் வெள்ளைக் கோடு போட்ட தார் ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேராகப் போயிற்று.

"ரோசரி, என்ன இது?"

அவள் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். துப்பட்டாவை எடுத்துக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

"ஹைவேங்க. இனிமே பிஷ்கெக் வரைக்கும் ஒரு குழிகூடக் கிடையாது. அதான் உங்ககிட்ட குடுத்தேன்."